கூப்பிடு தூரம்

சூரிச்சிலிருந்து டுசல்டோர்ஃப்
வான்வழி நானூற்று நாற்பத்தைந்து கிலோமீற்றர்.
பறக்க ஒரு மணி பத்து நிமிடம்.
நீதிமன்றக் கடிதத்தில் இரண்டாம் பக்கம்,
மேலிருந்து நாலாவது வரி.
ஒரு பிள்ளை தாங்கக்கூடிய தூரம் என்று
அதன் கீழே யாரோ தீர்மானித்து
முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

நான் ட்ராம் ஓட்டுகிறவன்.
நிமிடம் எனக்குத் தெரியும்.
நொய்ஸ் பக்கம் இரண்டு நிமிடம் பிந்தினால்
தரிப்பிடத்து முகங்களிலேயே அது எழுதியிருக்கும்.
ஆனால் இந்த எழுபது நிமிடத்தை
எத்தனை தரம் பிரித்துப் பார்த்தும்
கணக்கு வரவில்லை.
வானத்தில் இருப்பது ஐம்பதுதானாம்.
மிச்சம் இருபதும்
தரையில் உருள்வது, வரிசையில் நிற்பது,
கதவு திறக்கக் காத்திருப்பது.
எங்கள் கலியாணத்திலும்
பறந்த நேரம் குறைவுதான்.
சுகந்தினி இதைக் கேட்டால் சிரிப்பாள்.
முன்பென்றால்.

ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில்
ஆரபி வருகிறாள். எட்டு வயது.
கழுத்தில் ஒரு சிவப்புப் பை,
பைக்குள் கடவுச்சீட்டு, ஒரு படிவம்.
‘பெறுபவர்’ என்ற கட்டத்தில் என் பெயர்,
பொதி வாங்க வந்தவனைப் போல.
கையெழுத்து வைத்தபின்தான்
அவள் கையை விடுவார் பணிப்பெண்.
சாக்லேட்டில் பாதி எனக்கென்று
வைத்திருப்பாள்.
அது எப்போதும் உருகியிருக்கும்.

கார்த்திகை மாதத்து வெள்ளி ஒன்றில்
மூடுபனி.
கைபேசித் திரையில் மஞ்சள் விமானம்
ரைன் ஆற்றை ஒட்டியே வந்தது,
வந்து,
இறங்காமல் சுற்றத் தொடங்கியது.
ஒரு வளையம். இன்னொன்று.
மூன்றாவதில் திரையெல்லாம்
இடியப்பம் பிழிந்த மாதிரிக் கோடு.
நான் வருகைக் கதவின் முன்னால்
அண்ணாந்து நின்றேன்,
மேலே கூரைதான் இருக்கிறது என்பதை மறந்து.

பிறகு பலகையில் எழுத்து மாறியது:
கொலோனில் இறங்கும்.

முழு வானத்தையும் அவள் கடந்துவிட்டாள்.
மிச்சம் அறுபது கிலோமீற்றர் என்னுடையது.
லெவர்குசனில் வீதி வேலை.
பின்விளக்குகள் சிவந்து,
பனிக்குள் ஒன்றோடொன்று கரைந்து நின்றன.
சுகந்தினி எடுத்தாள்.
"இறங்கிட்டாளா?"
"அவள் இறங்கிட்டாள். நான்தான் இன்னும் போய்ச் சேரேல்லை."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
வைக்கவும் இல்லை.
ஒரு லொறி நகரும் அளவு நேரம்
இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

தமிழில் ஒரு அளவு உண்டு, கூப்பிடு தூரம்.
ஒருவர் கூப்பிட்டால்
மற்றவர் காதில் விழுகிற தூரம்.
காதத்தைப்போல் இத்தனை மைல் என்று
அதை யாரும் கட்டி வைக்கவில்லை.
காற்றைப் பொறுத்தது.
தொண்டையைப் பொறுத்தது.
அடுத்த பக்கத்தில் நிற்பவர்
கேட்க நினைக்கிறாரா என்பதையும் பொறுத்தது.
நீதிமன்றப் படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

ஒரு மணி நாற்பது நிமிடம் பிந்திப் போனேன்.
கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்
மூன்று கதிரைகளில் நீட்டிப் படுத்திருந்தாள்,
சிவப்புப் பை நெஞ்சின் மேல்.
படிவத்தில் ‘கொலோன்’ என்று
யாரோ பேனாவால் திருத்தியிருந்தார்கள்.
என் பெயர் மட்டும் அடிபடாமல் இருந்தது.
கையெழுத்து வைத்தேன்.

காரில் பாதி வழியில் எழும்பினாள்.
"அப்பா, நான் மூண்டு தரம்
உங்கட வீட்டுக்கு மேலால போனனான்."
பனிக்குள்ள எப்படியம்மா தெரிஞ்சது?
"தெரியேல்லை.
கை காட்டினனான்."

வீட்டில் நான் இருக்கவில்லை என்று சொல்ல
வாய் எடுத்தேன்.
சாக்லேட்டை நீட்டினாள்.
இந்த முறை உருகவில்லை,
அவ்வளவு குளிர்.

ஞாயிறு மாலை அவள் திரும்பிப் போனபோது
வானம் வெளித்திருந்தது.
பதினொரு நிமிடம் முந்தியே
சூரிச்சில் இறங்கிவிட்டதாம்.

அந்தப் பக்கம் போகையில்
பின்காற்று.